கல்லுமேட்டில் மூன்றாம் துளை

லூர்துமேரியின் கிணற்றுத் தண்ணீரில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுகொண்டது அவருடைய மாடுதான். ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு நாள் தொட்டியில் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து டாக்டரைக் கூட்டிவந்து ஊசி போட்டார்கள். அதன் பிறகு தக்காளிச் செடிகளின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. மருந்து அடித்தார்கள். கடைசியில்தான் லூர்துமேரி ஒரு குடம் தண்ணீரைச் சேந்தி மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல் வாசம்.

குடத்தை இடுப்பில் வைத்தபடி வயலைக் கடந்து, சாலையோரம் இருந்த சர்தார் பாயின் பெட்ரோல் பங்குக்குப் போனார். ஆபீஸ் அறை வாசலில் அப்படியே கவிழ்த்தார்.

“இத நீயே குடி,” என்றார்.

சர்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. மாரண்டஹள்ளிக்கு வெளியே அந்தச் சாலையில் அவர் பங்கு வைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். லூர்துமேரியின் தக்காளிக் கூடைகள் ஓசூர் வண்டிக்காகக் காத்திருப்பது அவருடைய கூரை நிழலில்தான். இரண்டு குடும்பத்துக்கும் இடையே ஒரு கம்பி வேலி மட்டும்தான். வேலியைத் தாண்டினால் கிணறு, கிணற்றைத் தாண்டினால் லூர்துமேரி புதிதாகக் கட்டிய மாடி வீடு. ஈரமான தன் செருப்பையும் அந்த அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தார். பெட்ரோல்தான். அதில் சந்தேகமே இல்லை.

புகார் போனது. அதிகாரிகள் வந்து பங்கைப் பூட்டினார்கள். பூமிக்கடியில் இருந்த தொட்டிகளில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்ததில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. குழாய்களிலும் இல்லை. ஆனால் கிணற்றில் பெட்ரோல் இருந்தது. அது எப்படி வந்தது என்று பார்த்துச் சொல்லத்தான் எண்ணெய் நிறுவனம் உஸ்மாவை அனுப்பியது.

உஸ்மா தருமபுரிக்காரி. சேலத்தில் ஜியாலஜி படித்துவிட்டு, சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எரிபொருள் கசிந்த இடங்களில் துளை போட்டு மண் எடுப்பது, அதே துளையில் குழாய் இறக்கி நிலத்தடி நீரைக் கண்காணிப்பது, அதுதான் அவள் வேலை. விழுப்புரத்திலிருந்து தூத்துக்குடி வரை எத்தனையோ பங்குகளில் செய்திருக்கிறாள். சொந்த மாவட்டத்தில் இதுதான் முதல் தடவை.

வண்டியை விட்டு இறங்கியதுமே சர்தார் எழுந்து வந்தார்.

“நீ மெத்தக்கடை அப்சல் பொண்ணுதானேம்மா? உங்க அப்பாவும் நானும் ஒரே பெஞ்சு. அல்லா உன்னத்தான் அனுப்பியிருக்கான்.”

உஸ்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் லூர்துமேரி நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அது இன்னும் கூடியது.

“அதானே பாத்தேன்,” என்றார் லூர்துமேரி. “அவரு ஆளுங்களயே வரச்சொல்லி டெஸ்ட்டு பண்ணிக்கிறாரா? நல்லா இருக்குது நாயம்.”

“அம்மா, நான் கம்பெனியில இருந்து வந்திருக்கேன். எனக்கு இவரும் ஒண்ணுதான், நீங்களும் ஒண்ணுதான்ங்க.”

“வாயில சொல்றதுக்கு என்னா கண்ணு. பாக்கலாம்.”

உஸ்மா இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பங்கு சாலை மட்டத்தில் மேடாக இருந்தது. வயல் இறக்கம். கிணறு இறக்கத்தில். வீடு அதற்கும் பின்னால். கசிவு இருந்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். பார்த்தவுடன் தெரிகிற விஷயம். அவள் மனதுக்குள் பாதி முடிவு அப்போதே வந்துவிட்டது. தொட்டியில் இல்லாவிட்டால் எங்கோ ஓர் இணைப்பில் ஓட்டை இருக்கும். சோதனையில் அது தப்பியிருக்கும். அப்பாவின் பள்ளித் தோழர் என்பதற்காக அதை மறைக்க முடியாது. இப்படி நினைத்தபோது அவளுக்கு ஒருவித நிம்மதியே வந்தது. லூர்துமேரி அவளைத் தப்பாக நினைத்தது பொய்யாகிவிடும்.

மூன்று துளைகள் போடத் திட்டம். முதலாவது பங்குக்கு முன்னால், சாலைப் பக்கம். அங்கே சுத்தமாக இருக்கும். மற்றதை அதோடு ஒப்பிடலாம். இரண்டாவது, தொட்டிகளுக்கும் கிணற்றுக்கும் நடுவே, வேலியை ஒட்டி. அங்கேதான் பெட்ரோல் அதிகமாக இருக்க வேண்டும். மூன்றாவது கிணற்றைத் தாண்டி, வீட்டின் பின்பக்கம். பெட்ரோல் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அதில் தெரியும்.

துளை போடும் வண்டியை மாதப்பன் ஓட்டிவந்திருந்தார். பென்னாகரத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். முதல் துளையில் மேலே கொட்டிய மண், அதற்குக் கீழே செம்மண், பிறகு சரளை, பிறகு உதிர்ந்த பாறை, அப்புறம் தண்ணீர். ஒவ்வோர் ஆழத்திலும் வந்த மண்ணை உஸ்மா கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஒரு பிடி மண்ணைப் பையில் போட்டு, வாயு மீட்டரின் மூக்கை உள்ளே நுழைத்தாள். மீட்டர் சும்மா இருந்தது. சுத்தம். எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது துளையில் மாதப்பன் இறங்க இறங்க, உஸ்மா ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டே இருந்தாள். செம்மண்ணில் மழை வாசம். சரளையில் இரும்பு வாசம். தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர். மீட்டர் அப்போதும் சும்மா இருந்தது.

“மீட்டரு ரிப்பேரா மேடம்?” என்றார் மாதப்பன்.

அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான். வண்டியின் டீசல் மூடியருகே நீட்டிப் பார்த்தாள். மீட்டர் உடனே கத்தியது. கருவியில் கோளாறில்லை.

சர்தார் தள்ளி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லதானே? நான் சொன்னேன்ல?” என்றார். உஸ்மா அடுத்த புட்டியை மூடி ஐஸ் பெட்டியில் வைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் லூர்துமேரி காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த நாள் மூன்றாவது துளை. வீட்டுக்குப் பின்னால் துடைப்பத்தால் பெருக்கியதுபோல் சுத்தமாக ஓர் இடம் இருந்தது. ஒரு புல் இல்லை. அங்கேதான் வண்டி நிற்க இடம் கிடைத்தது. ஆளுயரத்துக்குக்கூட இறங்கவில்லை, மண் நிறம் மாறியது. சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். வாசம் குப்பென்று அடித்தது. மாதப்பன் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு இன்ஜினை நிறுத்தினார். மீட்டர் விடாமல் கத்தியது. உஸ்மா அதை அணைத்துவிட்டு, துளையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

நடுவில் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒன்றுமில்லாமல் கடைசியில் எப்படி இவ்வளவு?

மாதப்பனைச் சற்று ஆற விட்டு, காற்று வீசும் திசை பார்த்து, கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு துளையை முடித்தார்கள். மற்ற இரண்டு துளைகளில் செய்ததுபோலவே அடியில் கீறல் விட்ட பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றிலும் மணல் நிரப்பி, மேலே களிமண் அடைத்து, சிமெண்ட் பூசி, பூட்டு மூடி போட்டார்கள். மறுநாள் நூல் கட்டிய குழாயை விட்டுத் தண்ணீர் மொண்டபோது, தண்ணீருக்கு மேலே ஒரு விரற்கடை தடிமனுக்குப் பழுப்பு நிறத்தில் பெட்ரோல் மிதந்தது. பங்கில் விற்கிற பெட்ரோல் இந்த நிறத்தில் இருக்காது. வெகுநாள் கிடந்தால் நிறம் மாறும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு நாள்?

சென்னை அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி நிர்மலாதேவி. உஸ்மா வயலில் இருந்த ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“பாறையில விரிசல் இருக்கும் உஸ்மா. தர்மபுரி பூரா பாறைதானே. விரிசல் வழியா ரெண்டாவது துளைக்கு அடியில நழுவிப் போயிருக்கும். பங்கைச் சுத்தி இன்னும் நாலு போடு.”

“சரளையிலயே வாசம் வருது மேடம். பாறை வரைக்கும் போகவே வேண்டாம். ஆளுயரத்துலயே.”

“அப்படின்னா சாம்பிள் மாறியிருக்கும்.”

“நான் கையால எடுத்தேன் மேடம். மூக்கால மோந்தேன்.”

நிர்மலாதேவி “தண்ணி மட்டம் பார்த்தியா?” என்று கேட்டார்.

மட்டம் பார்த்தாள். மூன்று குழாய்களின் வாயையும் மட்டக் கருவி வைத்து ஒரே உயரக் கணக்குக்குக் கொண்டுவந்து, உள்ளே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நாடா விட்டு அளந்தாள். வீட்டுப் பக்கம் தண்ணீர் உயரத்தில் நின்றது. சாலைப் பக்கம் தாழ்ந்து நின்றது. அவள் கருவியின் முக்காலியைப் பிடுங்கி வேறு இடத்தில் ஊன்றி மறுபடி அளந்தாள். அதே கணக்கு. நிலத்துக்கு மேலே பங்கு மேடு, வீடு பள்ளம். நிலத்துக்குக் கீழே தண்ணீர் வீட்டிலிருந்து பங்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

முதல் துளையில் பார்த்த கொட்டிய மண் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாலை போட்டபோது லாரி லாரியாக மண் அடித்து உயர்த்திய மேடு அது. அதற்கு அடியில் பழைய நிலம் நேர்மாறாகச் சரிந்திருந்தது. சரி. தண்ணீர் புரிந்தது. பெட்ரோல் புரியவில்லை. வீட்டுப் பக்கம் தக்காளியும் மாட்டுக் கொட்டாயும் தவிர என்ன இருக்கிறது?

மறுபடியும் நிர்மலாதேவிக்குப் போன் செய்தாள்.

“அப்ப பங்கு மேல தப்பில்லைன்னு சொல்றியா?”

“எனக்கே தெரியல மேடம். கணக்கு அப்படித்தான் வருது.”

“பங்குக்காரர் உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவர்னு நீதானே சொன்ன. எனக்கு உன்னைத் தெரியும். ரிப்போர்ட் படிக்கிறவங்களுக்கு உன் பேர் மட்டும்தான் தெரியும். நல்லா யோசிச்சு அனுப்பு.”

அந்தப் பேச்சு அவளை உள்ளே எங்கோ பிடித்துக்கொண்டது. கணக்கை ஒன்றுக்கு மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். தனக்கே தெரியாமல் சர்தாரைக் காப்பாற்றப் பார்க்கிறோமோ? முதல் நாள் அவர் பங்குதான் காரணம் என்று அவ்வளவு சுலபமாக நினைத்தோமே, அது மட்டும் நியாயமான நினைப்பா? எந்த நினைப்பு தன்னுடையது, எது மற்றவர்கள் தன்னைப் பற்றி நினைப்பதற்குப் பயந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அந்தக் குழப்பத்தோடு அவள் மூன்றாவது குழாயருகே நின்றுகொண்டிருந்தபோதுதான் பூவிழி கூப்பிட்டாள். லூர்துமேரியின் மருமகள். கணவன் அருள்குமார் ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விடுவான். பகலில் வீட்டில் மாமியாரும் அவளும்தான்.

“அக்கா, வெயில்ல நிக்கறீங்க. ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டுப் போங்க. அத்த வயலுக்குப் போயிருக்காங்க,” என்றாள் குரலைத் தாழ்த்தி.

உஸ்மா பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் காலை வைத்தாள். இடுப்பில் தொங்கிய மீட்டர் கத்தத் தொடங்கியது.

துளையருகே நின்றதால் அதன் மூக்கில் பெட்ரோல் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். வெளியே எடுத்துப்போய் நல்ல காற்றில் பிடித்தாள். அடங்கியது. மறுபடி உள்ளே வந்தாள். மறுபடி கத்தியது. சிலிண்டர் நின்ற மூலைக்குப் போகப் போக எண் ஏறிக்கொண்டே போனது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் சிமெண்ட் மெல்ல விரிந்திருந்தது. அங்கே பிடித்தபோது எண் உச்சத்தில் போய் நின்றது.

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“அது கேஸ் லீக்குக்கா,” என்றாள் பூவிழி. “ரெண்டு தடவ ட்யூப் மாத்தியாச்சி, ரெகுலேட்டரும் மாத்தியாச்சி. கம்பெனி ஆளு வந்து சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்துட்டு ஒண்ணும் இல்லங்கறாரு. ஆனா வாசம் மட்டும் போக மாட்டேங்குது. பங்குல இருந்து காத்துல வருதுன்னு அத்த சொல்லுது.”

உஸ்மா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். சிலிண்டரையும் மூடினாள்.

“லைட்டு, ஃபேன் எதயும் தொடாத. போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அப்படியே வெளிய வா. மாடி மேல யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லக்கா. என்னாச்சி?”

வெளியே வந்ததும் மாதப்பனைக் கூப்பிட்டு, தெருப் பக்கம் இருந்த மின்கம்பத்துக்கு லைன்மேனை வரச்சொல்லிப் போன் போடச் சொன்னாள். அதற்குள் லூர்துமேரி வயலிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

“யாரக் கேட்டு என் வூட்டுக்குள்ள பூந்த? அடுப்ப எதுக்கு நிறுத்தின?”

“அம்மா, வூட்டுக்கு அடியில பெட்ரோல் இருக்குதுங்க. அதோட ஆவி தரைவழியா ஏறி வருது. ஒரு பொறி போதும். நீங்க யாரும் இப்ப உள்ள போகக் கூடாது.”

லூர்துமேரி அவளை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். அது சிரிப்பாக இல்லை.

“அடியேய். பங்கு அவனுது. கசிஞ்சது அவன் தொட்டி. இப்ப என் வூட்டக் காலி பண்ணச் சொல்றியா? அப்பனுக்கு வேண்டியவன்னா இவ்ளோ தூரத்துக்கா போவ?”

உஸ்மாவுக்கு அந்த அம்மா சொல்வது நியாயமாகத்தான் பட்டது. தான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம் என்று தோன்றியது. சட்டென்று மீட்டரைக் கழற்றி லூர்துமேரியின் கையில் கொடுத்தாள்.

“நான் சொல்றத நம்ப வேண்டாம்ங்க. இத வாசக்கால்ல இருந்து நீட்டுங்க. அப்பறம் பங்குக்குப் போயி அங்கயும் நீட்டுங்க. எங்க கத்துதுன்னு நீங்களே பாருங்க. நான் கூட வரல.”

லூர்துமேரி மீட்டரை வாங்கிக்கொண்டார். வாசற்காலில் அது அலறியது. பிறகு அதைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்தார், குடத்தோடு போன அதே வழியில். பங்கில் சர்தார் நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நின்றார். அந்த அம்மா பம்பருகே, தொட்டி மூடியருகே, ஆபீஸ் வாசலில் எல்லாம் குனிந்து குனிந்து நீட்டினார். தொட்டி மூடியருகே லேசாக முனகியது, அவ்வளவுதான். திரும்பி வரும்போது அவர் நடையில் வேகம் இல்லை.

“இது எப்பிடி?” என்று கேட்டார். “எங்க வூட்டுக்கு அடியில எப்பிடி? நாங்க என்னா பெட்ரோலா வெதச்சோம்?”

“தெரியலங்க,” என்றாள் உஸ்மா. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

லைன்மேன் வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை அவர்கள் புளியமரத்தடியில் நின்றார்கள். அப்போது உஸ்மா மரத்தின் அடியில் பட்டை உரித்து வெள்ளையடித்த தடத்தையும், அதன்மேல் பாதி அழிந்த ஓர் எண்ணையும் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு புளியமரம், அதற்கப்பால் இன்னொன்று. வயலின் நடுவே ஒரே வரிசையாக, வீட்டின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு அவை ஏரிப் பக்கம் போயின. அரசாங்கம் எண் போடுவது சாலையோர மரத்துக்குத்தான். ஆனால் சாலை அந்தப் பக்கம் இருக்கிறது.

“இங்க முன்னாடி ரோடு இருந்துச்சாங்கம்மா?”

“நாங்க நெலம் வாங்கறப்ப ஒண்ணும் இல்ல. இந்த வூடு இருக்கற எடத்துல கல்லும் செங்கல்லுமா ஒரு மேடு கெடந்துச்சி. கல்லுமேடுன்னுதான் சொல்லுவோம். என்னா போட்டாலும் மொளைக்காது. பயிர் வராத எடத்த வீணாக்குவானேன்னுதான் அருளு கல்யாணத்துக்கு இங்கயே வூடு கட்டினோம்.”

தீயணைப்பு வண்டி வந்தது. சமையலறைப் பின்சுவருக்கு வெளியே, நுரை தெளித்துத் தெளித்து, கையாலேயே கடப்பாரை போட்டு மெதுவாகத் தோண்டினார்கள். ஊரே வேலிக்கு வெளியே நின்றது. இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை இரும்பில் மோதிய சத்தம் கேட்டது. மண்ணை ஒதுக்க ஒதுக்க, துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்த ஓர் உருளைத் தொட்டியின் முதுகு தெரிந்தது. ஒரு முனை வெளியே. மறுமுனை சமையலறைக்கு அடியில், வீட்டின் ஒரு தூண் இறங்கியிருந்த இடத்தில் நசுங்கிப் பிளந்திருந்தது.

அதன் பிறகுதான் ஊரில் வயதானவர்கள் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். பழைய ரோடு இந்த வழியாகத்தான் போனது என்றார் ஒருவர். கையால் சுற்றுகிற பெட்ரோல் பம்பு ஒன்று இருந்தது, பெங்களூர்க்காரன் வைத்திருந்தான் என்றார் இன்னொருவர். இல்லை, அது மண்ணெண்ணெய்க் கடை என்றார் மூன்றாமவர். ரோட்டை அந்தப் பக்கம் மாற்றியதும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். தொட்டியை யாரும் நினைக்கவில்லை. அவன் பெயர் யாருக்கும் நினைவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் ஈயம் இருப்பதாக ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தபோது, ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டதை நிர்மலாதேவியே போனில் சொன்னார். “சர்தார் பங்கு அப்ப கிடையாதே. நீ சொன்னதுதான் சரி,” என்றார். உஸ்மாவுக்கு மகிழ்ச்சி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளோ அந்த அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை நினைத்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியை எடுக்கச் சமையலறையை இடித்தார்கள். லூர்துமேரி குடும்பம் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனது. பங்கு திறந்தது. சோதனையில் சுத்தம் என்று தெரிந்த தன் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயை சர்தார் வேலிக்கு வெளியே இழுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்றார். உஸ்மாவிடம் மட்டும் அவர் வேறு மாதிரி பேசினார்.

“அந்தம்மா எம் வாசல்ல ஊத்துன தண்ணியக்கூட நான் மறந்துருவேன்மா. ஊரே பாத்துச்சே, அதுக்கு யாரு பதில் சொல்றது? அந்தம்மாவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லேன்.”

“அத நான் எப்படிச் சொல்றது பாய்? அவங்க வூடே போச்சி.”

“அதும் சரிதான்,” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா எனக்கும் மனசு ஆறல,” என்றார். இரண்டும் உண்மை என்றுதான் உஸ்மாவுக்குத் தோன்றியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய்களில் தண்ணீர் எடுக்க அவள் வர வேண்டும். முதல் தடவை வந்தபோது பூவிழிதான் குடத்தோடு பங்குக் குழாயடியில் நின்றிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்து, உஸ்மாவை அருகே கூப்பிட்டாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்த வூட்டுல இருக்கறப்ப காலையில எந்திரிச்சா தல சுத்தும். வாந்தி வரும். வாடக வூட்டுக்கு வந்ததுல இருந்து எதுவும் இல்ல. அதுவும் அந்தப் பெட்ரோலாலதானா?”

“இருக்கும்மா. அந்த ஆவிக்குத் தலவலி, குமட்டல் எல்லாம் வரும். ஆஸ்பத்திரில காட்டினியா? ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லியிருந்தேனே.”

“காட்டினேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.” பூவிழி குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “ஒவ்வொரு மாசமும் வாந்தி வர்றப்பல்லாம் நெனச்சேன். அத்தயும் நெனச்சாங்க. மாங்கா வாங்கிட்டு வந்து குடுப்பாங்க. டெஸ்ட்டு பண்ணிப் பாத்தா இல்லன்னு வரும். அடுத்த மாசம் மறுபடியும் நெனப்போம். இப்ப வாந்தி நின்னுடுச்சி. சந்தோசப்படணும்தான? எனக்கு என்னமோ கையில இருந்தத புடுங்கிட்ட மாதிரி இருக்குதுக்கா.”

உஸ்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குடம் நிரம்பி வழிந்தது. பூவிழி அதைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து போனாள்.

மூன்றாவது குழாயருகே லூர்துமேரி வந்து நின்றார். வீடு பாதி இடிந்தபடி நின்றது. இடித்த பக்கத்தில் கல்யாணத்துக்குப் பூசிய ரோஸ் நிற வண்ணம் வெளியே தெரிந்தது. உஸ்மா பூட்டைத் திறந்து நூலை இறக்கினாள். மொண்டு எடுத்த தண்ணீரில் மிதக்கும் படலம் மெலிந்திருந்தது. வாசம் இருந்தது.

“ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும்,” என்றார் லூர்துமேரி.

“கேளுங்கம்மா.”

“அத்தினி வருசமா அந்தத் தொட்டி சும்மா கெடந்துச்சி. நாங்க வூடு கட்டின பொறவு, மொத மழைக்குத்தான் வாசம் வந்துச்சி. எங்க தூணு அது மேல ஏறி நின்னதாலதான் ஒடஞ்சிச்சா?”

உஸ்மா தொட்டி நசுங்கியிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு மாதிரிச் சொல்லலாம். துரு தானாகவே ஓட்டை போட்டிருக்கும் என்று சொன்னால் அதுவும் பொய்யாகாது.

“இருக்கலாம்ங்க. துருப்பிடிச்சி எப்படியும் ஒரு நாள் ஒடஞ்சிருக்கும். தூணு பாரத்துல சீக்கிரம் ஒடஞ்சிருக்கலாம். உறுதியா எனக்குத் தெரியல.”

லூர்துமேரி தலையை ஆட்டினார். கோபம் வரவில்லை. கோபத்துக்கு ஆள் தேடுவதுபோலப் பங்கைப் பார்த்தார், இடிந்த வீட்டைப் பார்த்தார், புளியமர வரிசையைப் பார்த்தார்.

“பாயிகிட்ட போயி தப்பாப் பேசிட்டேன். அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்தான். சொல்லிட்டா அப்பறம் யாரத் திட்டறது? பேரு தெரியாத பெங்களூருக்காரனயா? அருளப் பெத்த நாந்தான் இங்க கட்டலாம்னு எடத்தக் காட்டினேன். போய்ச் சேர்ந்த எம் புருசன் அப்பவே வேண்டான்னாரு. அவரு சொன்னத நான் கேக்கல.”

“அப்ப யாருக்கும் தெரியாதுங்களே.”

“தெரியாதுதான்,” என்றார். “அதான் எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. யாருக்கும் தெரியாம, யாரும் செய்யாம, எப்படி இத்தினியும் ஆவும்?”

உஸ்மா புட்டியில் தண்ணீரை ஊற்றி மூடினாள். எப்போது சரியாகும் என்று லூர்துமேரி கேட்டார். வருடங்கள் ஆகும், அடுத்த மழைக்குப் பிறகு கொஞ்சம் தெரியும் என்று சொன்னாள். சரி என்பதுபோல் அந்த அம்மா வரப்பில் இறங்கி நடந்தார். வேலியருகே போய் நின்றார். பங்கில் சர்தார் ஒரு லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தார். லாரி கிளம்பும்வரை லூர்துமேரி வேலிக் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அவர் ஏதோ சொன்னார். சர்தார் காதருகே கையை வைத்து, கேட்கவில்லை என்று சைகை காட்டினார். லூர்துமேரி மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை சர்தார் வேலியை நோக்கி நடந்து வந்தார்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று உஸ்மாவுக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார்கள். ஒரு கட்டத்தில் இருவரும் ஒரே சமயத்தில் பேசுவது தெரிந்தது. அவள் ஐஸ் பெட்டியை மூடி, இரண்டாவது குழாயை நோக்கி நடந்தாள்.